மேப்பிள் நிழலில் அறுநூறு வாற்

காட்டுப் பூங்காவில் கரண்ட் இல்லாத முகாமுக்கு, படுத்தெழும்பும் ட்ரெயிலர் கொண்டுபோக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன கோடையில் எங்கள் ட்ரெயிலர் பற்றரி விடியுமுன்னே படுத்துவிட்டது. என் மனைவி ரதிக்கு நித்திரையில் மூச்சுத் தடைப்படும் வருத்தம். முகத்தில் மாட்டும் மூச்சு மெஷின் ஓடினால்தான் அவரால் படுக்க முடியும். பாவம், மிச்ச நேரம் முழுக்கக் கதிரையில் குந்தியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் ஒரே பேச்சு: "இனி நான் வரமாட்டன். நீங்கள் போறதெண்டால் போங்கோ." அவர் இல்லாமல் நான் எங்கே போவது?

ஆகவே இந்த ஜூலையில், கனடாவில் ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் உள்ள எங்கள் வீட்டு ட்ரைவ்வேயிலேயே வேலையைத் தொடங்கினேன். ட்ரெயிலர் கூரையில் ஏற்கெனவே ஒரு 200 வாற் சோலர் பனல் இருந்தது. அதே அளவில் இன்னும் இரண்டு வாங்கினேன். ரதியின் தம்பி சீலன் எலெக்ட்ரீசியன். அஜின்கோர்ட்டில் இருந்து வந்து உதவினான்.

"அத்தான், பனலை மட்டும் கூட்டினால் காணாது. பற்றரிக்குக் கரண்டை அளந்து விடுற உந்தப் பழைய கொன்ட்ரோலர் இவ்வளவையும் தாங்காது. அதையும் மாத்துவம்," என்றான். பனல், கொன்ட்ரோலர், வயர் எல்லாம் சேர்த்து 780 டொலர். சீலனுக்குக் கூலி கொத்துரொட்டி.

"இந்த ஒருக்கால்தான்," என்று சொல்லி ரதி ஏறினார். சனி காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டோம். அல்கொன்குவின் பூங்காவுக்கு ஏறக்குறைய 230 கிலோமீற்றர். ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு மூன்றரை மணித்தியாலம். எனக்கென்றால் கால் தரையில் படவில்லை.

பூங்காவில் எங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் இரண்டு பெரிய மேப்பிள் மரங்கள். நடுவே அச்சொட்டாக ரிவேர்ஸ் விட்டு நிறுத்தினேன். "நல்ல குளிர்மையான இடம்," என்றார் ரதி. புதுக் கொன்ட்ரோலர் கரண்ட் அளவை ஃபோனுக்கு அனுப்பும். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு அதைப் பார்த்தால், மூன்று பனலும் சேர்ந்து 45 வாற்றைத் தாண்டவில்லை! ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன.

ரதி கீழே நின்று மேலே பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, எங்களுக்கு வெயில் படாமல் விட்டால் உந்தப் பனலுக்கு மட்டும் எங்கால வெயில்?"

ஐயோ! ஊர் வெயிலில் ஓடித் திரிந்த கை. வாகனம் நிறுத்த என்றால் தானாக நிழலுக்குத்தான் வெட்டும்.

"நீரும்தானே நல்ல இடமெண்டு சொன்னனீர்!"

"நான் கதிரை போடத்தான் சொன்னன்."

இருவரும் சிரித்துக்கொண்டே ட்ரெயிலரைத் திரும்பக் கொளுவி, அதே இடத்தின் வெளிப்பக்கத்துக்கு இழுத்தோம். ஃபோனில் 430 வாற்! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து முகாம் நாய் குரைத்தது. பின்னேரமே பற்றரி நிரம்பிவிட்டது.

போகிறவர்கள் கவனியுங்கள்: முன்பதிவு செய்யும்போதே திறந்த வெளியுள்ள இடமாகப் பாருங்கள். ஒரு பனலில் விழும் நிழலே மற்றவற்றின் கரண்டையும் இழுத்து விழுத்தலாம். மூச்சு மெஷின் கொண்டுபோகிறவர்கள், டொக்டர் சம்மதித்தால், அதில் தண்ணீரைச் சூடாக்கும் பகுதியை நிறுத்தி வையுங்கள். கரண்ட் நிறைய மிஞ்சும். நிழல் உங்களுக்குத்தான் வேண்டும், கதிரையைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

ஞாயிறு காலை நான் சத்தம் போடாமல் வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. எட்டரைக்குத்தான் ரதி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் முகமூடியின் தடம். எனக்குப் பக்கத்தில் இருந்து, மரங்களுக்கு அப்பால் தெரிந்த ஏரியைப் பார்த்தார்.

"இண்டைக்கே போகவேணுமோ? இன்னொரு நாள் நிப்பமே?"