டம்ளரில் ஒரு காசு

டெஸ்டர் அண்ணன் என்று கேட்டால்தான் அந்தத் தெருக்களில் வழி சொல்வார்கள். வீட்டு வயரிங் வேலை பார்க்கிறவர். சட்டைப் பையில் பேனா இருக்காது, கரண்ட் இருந்தால் விளக்கு எரிகிற டெஸ்டர் இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் கை ஒரு வேலை பார்க்கும், வாய் நாலு வேலை பார்க்கும். ஃப்ரீசருக்குத் தனி லைன் போடுங்கள், மெயின் சுவிட்ச் பெட்டியில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் பெயர் எழுதுங்கள் என்று தொண்டைத் தண்ணி வற்றப் பேசிவிட்டு, "என்னை நம்பாதீங்க, டெஸ்டரை நம்புங்க" என்று முடிப்பார். அதைக் கேட்டுச் சிரிக்கிறவள் அவருடைய தங்கை ஒருத்திதான்.

"எனக்கு எதுக்குண்ணா டெஸ்டர்? நீ சொன்னா போதும்."

தங்கைக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. அவள் வயிற்றில் ஒரு கட்டி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பத்து நாள் மருந்து ஓடும், அதுவரை தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டப்பா பாலோ குழந்தைக்கு ஆகவே ஆகாது, குடித்த வேகத்தில் கக்கிவிடும். அதனால் ஒரு மாதமாக விடிவதற்கு முன்பே எழுந்து, பாலைப் பிழிந்து, தேதி எழுதி, நாற்பத்திரண்டு பாக்கெட் சேர்த்து வைத்தாள்.

அதற்காகவே அண்ணன் ஒரு சின்ன ஃப்ரீசர் வாங்கிப் பின்னறையில் வைத்துத் தனி லைன் இழுத்தார். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு காசை வைத்தார்.

"இதுதான் காவக்காரன். கரண்ட் போய் எல்லாம் உருகி, மறுபடி உறைஞ்சுட்டா பார்த்தா தெரியாது. காசு மட்டும் அடியில போயிருக்கும். போயிருந்தா ஒரு பாக்கெட்டையும் தொடாதே."

ஊரார் வீட்டுப் பெட்டியில் எல்லாம் பெயர் எழுதிய மகாராசன், தங்கை வீட்டுப் பெட்டியில் மட்டும் எழுதவில்லை. நான் இழுத்த லைன் எனக்குத் தெரியாதா என்ற மிதப்பு, வேறென்ன?

செவ்வாய்க்கிழமை தங்கை குழந்தையோடும் மாமியாரோடும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். வீடு காலி. அன்று அங்கே குளியலறை ஹீட்டரைச் சரிசெய்யப் போனவர், எது ஹீட்டர் சுவிட்ச் என்று சந்தேகம் வரவே, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு சுவிட்சை இறக்கினார். வேலை முடிந்ததும் ஒன்றைத்தான் ஏற்றினார்.

வியாழக்கிழமை மாலை வந்து ஃப்ரீசரைத் திறந்தபோது பாக்கெட்டுகள் கையில் கொழகொழவென்று நெளிந்தன. ஓடிப்போய், அன்று ஏற்ற மறந்த சுவிட்சை ஏற்றினார். ஏற்றி என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாம் கல்லாக உறைந்திருந்தன. பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. டம்ளரில் மட்டும் வெறும் ஐஸ்கட்டி, காசு அடியில். அவர் சட்டைப் பையிலிருந்து வேறொரு காசை எடுத்து ஐஸின் மேல் வைத்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று இன்றுவரை அவரால் சொல்ல முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தங்கையின் போன் வந்தது.

"அண்ணா, இன்னும் அரைமணியில உள்ள கூட்டிட்டுப் போறாங்க. காசு மேல இருக்கா?"

"மேலதாம்மா இருக்கு."

"அப்ப சரி. எனக்கு அது போதும்."

ஆபரேஷனுக்குப் போகிறவளிடம் எதற்கு, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சாக்குச் சொல்லிக்கொண்டார்.

மத்தியானம் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பசியில் அது வீறிட்டது. ஒரு பாக்கெட்டை வெந்நீரில் போட்டு, உருகியதும் பாட்டிலில் ஊற்றினார். அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். குழந்தையின் உதடு பாட்டிலைத் தேடியதும் பாய்ந்து பிடுங்கிவிட்டார்.

"என்ன தம்பி இது!"

"கெட்டுப்போச்சு அத்தை. எல்லாமே கெட்டுப்போச்சு. கெடுத்தது நான்தான்."

வெந்நீரில் உருக்கி உருக்கி ஒவ்வொன்றாகத் தொட்டியில் ஊற்றினார். ஒவ்வொரு பாக்கெட்டிலும் தங்கையின் கையெழுத்து. டப்பா பாலைக் குடித்த குழந்தை பாதியைக் கக்கிவிட்டு, அழுது அழுது ஓய்ந்து தூங்கியது.

மறுநாள் தங்கை கண்விழித்ததும் கட்டிலருகே நின்று சொன்னார்.

"நாப்பத்திரெண்டுமா?"

"நாப்பத்திரெண்டும்."

"காசு மேல இருக்குன்னு சொன்னியே?"

"அது அடியிலதான் இருக்கும்மா. மேல இருந்தது என் சட்டைப் பையில இருந்து எடுத்து வச்ச காசு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

குழந்தை அந்தப் பத்து நாளையும் எப்படியோ தாண்டிவிட்டது. பெட்டியில் எல்லாச் சுவிட்சுக்கும் இப்போது கொட்டை எழுத்தில் பெயர் இருக்கிறது. தங்கை பழையபடி பேசுகிறாள், சாப்பிடச் சொல்கிறாள், கிண்டல்கூடச் செய்கிறாள்.

போன வாரம் சமையலறையில் ஒரு பிளக் பாயின்ட் போய்விட்டதென்று கூப்பிட்டாள். அவர் சுவிட்சை இறக்கிவிட்டு வந்து, "அணைச்சுட்டேம்மா" என்றார். அவள் அவர் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை உருவி, தானே சொருகிப் பார்த்தாள். டெஸ்டர் விளக்கு எரியவில்லை.

"சரிண்ணா, இப்ப தொடு" என்றாள்.