கடனில் சிக்கிய கப்பலும் எங்கள் காலி லாரியும்

இந்தப் பக்கத்தில் இதுவரை கோயில், மலை, அருவி என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்த முறை ஒரு கப்பலைத் தேடிப் போன கதை. ஆசைப்பட்டுப் போகவில்லை. எங்கள் சரக்கை ஏற்றிய கப்பலின் முதலாளி எங்கோ ஒரு நாட்டில் எரிபொருள் வாங்கிவிட்டுக் காசு கொடுக்காமல் இருந்திருக்கிறார். கடன் கொடுத்தவர் வழக்குப் போட, கப்பல் தூத்துக்குடியை விட்டு நகரக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருப்பூரில் இருந்து இதே காரணத்துக்காக யாராவது கிளம்புவதாக இருந்தால் முதலில் இதைப் படியுங்கள். படித்துவிட்டுப் பேசாமல் வீட்டிலேயே இருங்கள்.

நானும் என் அண்ணன் செல்வராஜும் திருப்பூரை ஒட்டிய முதலிபாளையத்தில் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறோம். பல வருடமாகப் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் மட்டும்தான். வெட்டிய துணி வரும், பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுப்போம், அட்டைப் பெட்டியில் அவர்கள் பெயர் போகும். போன வருடம்தான் வெளிநாட்டுக் கடைக்காரர் ஒருவர் முதல்முறையாக எங்களுக்கே நேராக ஆர்டர் கொடுத்தார். குழந்தைகள் இரவில் போடும் உடுப்பு, நெஞ்சில் பனிமனிதன் பிரிண்ட், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு. டிசம்பர் முதல் வாரத்துக்குள் அவருடைய குடோனில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் அடுத்த சீசனும் எங்களுக்கு. சேராவிட்டால் மறுபடி பீஸ் ரேட்.

அக்டோபர் நடுவில் கன்டெய்னர் கப்பலில் ஏறிவிட்டதாகத் தகவல் வந்தது. அண்ணன் யூனிட்டில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். லட்டு டப்பா காலியாவதற்குள் எங்கள் சரக்கை அனுப்பும் ஏஜென்ட் போன் செய்து, கப்பல் அரெஸ்ட் ஆகிவிட்டது என்றார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், அது கடன்காரர் கையில் இருக்கிறது என்றார். யாருடைய கடன்காரர் என்று நான் கத்தியது பக்கத்து யூனிட்டுக்கே கேட்டிருக்கும்.

இங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. திருப்பூரில் டையிங்கில், அதாவது சாயப்பட்டறையில், துணி மாட்டிக்கொண்டால் யாரும் போனில் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். வண்டியை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நிற்போம். துணி வெளியே வரும்வரை நகர மாட்டோம். அண்ணனும் ஒரு ஈச்சர் லாரிக்குச் சொல்லிவிட்டார். பெட்டிகளை இறக்கி லாரியில் ஏற்றி, நேராகக் கோவை ஏர்போர்ட் கொண்டுபோய் விமானத்தில் அனுப்புவது திட்டம். லாபம் போனாலும் பையர், அதாவது ஆர்டர் கொடுத்த கடைக்காரர், கையை விட்டுப் போக மாட்டார். கப்பலில் இருந்து எப்படி இறக்குவீர்கள் என்று நான் கேட்டதற்கு ஒரே பதில்தான்.

"வண்டியோட போய் நின்னாத்தான் அம்மணி குடுப்பாங்க. கைய வீசீட்டுப் போனா நாளைக்கு வாங்கன்னு சொல்லீருவாங்க."

அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடி ஏறத்தாழ 320 கிலோமீட்டர். காரில் போனால் ஆறு மணி நேரம். காலி லாரியின் கேபினில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு போனால் ஒன்பதரை மணி நேரம். டிரைவர் மாரியப்பனுக்குச் சொந்த ஊர் எட்டயபுரம் பக்கம், வேலை திருப்பூரில். ஒட்டன்சத்திரத்தில் மூன்று பேருக்கும் இட்லி, வடை, காபி 270 ரூபாய். மதுரைக்கு அப்பால் சாலை அருமை, டோல்கேட்டும் அதற்கேற்ற மாதிரி. ஒவ்வொரு டோல்கேட்டிலும் காலி வண்டிதான் என்று அண்ணன் எட்டிப் பார்த்துச் சொன்னார். காலி வண்டிக்கு அவர்கள் காசு குறைப்பதில்லை. இவ்வளவு தூரம் காலி வண்டி ஓட்டியதே இல்லை என்று மாரியப்பன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியம் இரண்டரைக்குத் துறைமுக வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பாஸ் வேண்டுமென்றால் உள்ளே நமக்கு வேலை இருக்க வேண்டும். எங்கள் வேலையை அண்ணன் விளக்க விளக்க, காவலுக்கு நின்றவர் எங்களைப் பார்த்ததை விட லாரியைத்தான் அதிகம் பார்த்தார். கடைசியில், ஊருக்குள் அந்தக் கப்பலின் ஏஜென்ட் ஆபீஸ் இருக்கிறது, அங்கே போங்கள் என்று அனுப்பினார். லாரியைத் திருப்ப இடம் தேடியதில் அரைமணி நேரம் போனது.

ஏஜென்ட் ஆபீசில் ஜெபராஜ் என்பவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும், நாள்கணக்கில் தூங்காத முகம். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். அண்ணன் டீயைத் தொடாமல் ஆரம்பித்தார்.

"ஏனுங்க, எங்க ஊர்ல ஒருத்தர் பாக்கி வெச்சா டையிங்காரர் துணியப் புடிச்சு வெச்சுக்குவாருங்க. நாங்க நேர்ல போய், எங்க லாட்டுக்கு உண்டானதக் கட்டீட்டு எங்க துணிய மட்டும் எடுத்துட்டு வந்துருவமுங்க. அதே மாதிரி, இந்தக் கடன்ல எங்க பெட்டிக்கு எவ்வளவு வருதுன்னு சொல்லுங்க, கட்டீர்றோம். லாரி வெளிய நிக்குதுங்க."

நான் டீ டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கப்பலின் கடனில் நம் பெட்டியின் பங்கு எவ்வளவு என்று கேட்கும் ஆள் உலகத்திலேயே என் அண்ணன் ஒருவராகத்தான் இருக்கும். ஜெபராஜ் சிரிக்கவில்லை. அந்த மட்டுக்கும் அவருக்கு நன்றி.

"உங்க பெட்டிய யாரும் பிடிக்கலண்ணாச்சி. கப்பலத்தான் பிடிச்சிருக்கு. உங்க பெட்டி அதுக்குள்ள கெடக்கு, அவ்வளவுதான்."

பிறகு பொறுமையாகச் சொன்னார். கோர்ட் உத்தரவைக் கப்பலில் கேப்டன் நிற்கும் அறைக் கண்ணாடியிலேயே ஒட்டிவிட்டார்கள். கப்பல் இப்போது கரையில் இல்லை, வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கிறது. பெட்டியை இறக்க வேண்டுமானால் சரக்குக்காரர்கள் கோர்ட்டில் மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். பிறகு கப்பலைக் கரைக்குக் கொண்டுவரும் செலவு, கிரேன் செலவு எல்லாம் சரக்குக்காரர்கள் தலையில். எங்கள் பெட்டி அடியில் இருந்தால் மேலே இருப்பதை எல்லாம் தூக்கி வைக்க வேண்டும், அதுவும் நம் செலவு. ஒரு கன்டெய்னர் வைத்திருப்பவர் தனியாக இதைச் செய்வது பைத்தியக்காரத்தனம் என்பதை மரியாதையாகச் சொன்னார். கப்பலில் இருப்பவர்களுக்குச் சம்பளம் வந்து மாதங்கள் ஆகிவிட்டனவாம். குடிதண்ணீரும் அரிசியும் ஜெபராஜின் ஆபீஸ்தான் படகில் அனுப்புகிறது. அந்தக் காசும் கப்பல் முதலாளியிடம் இருந்து வரவில்லை. ஜெபராஜிடமாவது கோபப்படலாம் என்று வந்த எனக்கு அதுவும் இல்லாமல் போனது.

அண்ணன் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். கடைசியில் கப்பலையாவது பார்க்க முடியுமா என்று கேட்டார். துறைமுகத்தை ஒட்டி முயல் தீவு இருக்கிறது, அங்கிருந்து தெரியும் என்று வழி சொன்னார் ஜெபராஜ்.

பயணக் குறிப்பு வேண்டுபவர்களுக்கு: பெயர்தான் தீவு, சாலை வழியாகவே போகலாம். அழகான கடற்கரை, மாலையில் காற்று நன்றாக இருக்கும், குழந்தைகளோடு போகத் தோதான இடம். நாங்கள் சாலையோரம் ஓர் ஈச்சர் லாரியை நிறுத்திவிட்டு மணலில் இறங்கி நின்றோம். தொலைவில் நான்கைந்து கப்பல்கள். எது நம்முடையது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மீன் வலை மடித்துக்கொண்டிருந்த ஒருவர், புகை விடாமல் நிற்பதுதான் கோர்ட் கப்பல் என்று காட்டினார். பழைய நீல நிறம், மேலே அடுக்கடுக்காகப் பெட்டிகள். எங்கள் முதல் ஆர்டர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைக்காத எங்கள் சரக்கு, முகம் தெரியாத ஒருவனின் கடனுக்காகக் கடலில் நின்றது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது. அண்ணன் லாரியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அன்று இரவு விடுதி அறை இரண்டு, தலா 1,100 ரூபாய். தூத்துக்குடி போய் மக்ரூன் வாங்காமல் வரக்கூடாது என்று அரைக்கிலோ வாங்கி, கோபத்தில் பாதியை நானே தின்றேன். காலையில் மாரியப்பன் தயங்கிக்கொண்டு வந்தார். திருப்பூர் டையிங் ஒன்றுக்கு உப்பு லோடு இருக்கிறதாம், ஏற்றிக்கொள்ளலாமா என்றார். அண்ணனின் முகம் இரண்டு நாளில் முதல்முறையாகத் தெளிந்தது. போன டீசல் செலவு வந்துவிடும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். பனிமனிதனை எடுக்கப் போன லாரியில் மூட்டை மூட்டையாக உப்போடு ஊர் வந்து சேர்ந்தோம். திண்டுக்கல் தாண்டும்போது பையரிடம் இருந்து மெயில் வந்தது. வருத்தம் தெரிவித்து, வாழ்த்துச் சொல்லி, ஆர்டரை ரத்து செய்திருந்தார்.

மற்ற திருப்பூர்க் கம்பெனிகளோடு சேர்ந்து மனுப் போட்டோம். பெட்டி கரை இறங்கியபோது பொங்கல் முடிந்திருந்தது. எங்கள் பங்குச் செலவைக் கட்டி மீட்டு, திருப்பூரில் மிச்சச் சரக்கு விற்கும் காதர்பேட்டையில் கிலோ கணக்கில் தள்ளினோம்.

தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். குடோன் வரை கொண்டு சேர்ப்பது நம் பொறுப்பு என்று முதல் ஆர்டரிலேயே ஒத்துக்கொள்ளாதீர்கள், கப்பலில் ஏற்றியதோடு நம் பொறுப்பு முடிகிற மாதிரிப் பேசுங்கள். நனைந்தால், எரிந்தால், மூழ்கினால் இன்சூரன்ஸ் கிடைக்கும். தாமதத்துக்குக் கிடைக்காது, எங்களிடம் அதைத் தெளிவாகச் சொன்னார்கள். வாடகை குறைவு என்று யாராவது ஒரு கப்பலைச் சொன்னால் முதலாளி யார், எப்படிப்பட்டவர் என்று நாலு பேரிடம் விசாரியுங்கள். கப்பல் மாட்டிக்கொண்டால் அன்றே வக்கீலைப் பாருங்கள், மற்ற சரக்குக்காரர்களைத் தேடுங்கள். தூத்துக்குடிக்குச் சுற்றுலாவுக்குப் போங்கள், நல்ல ஊர்.

போன வாரம் ஒரு பெரிய கம்பெனியில் இருந்து ஜாப் ஒர்க் வந்தது. குழந்தைகளின் இரவு உடுப்பு, வரும் கிறிஸ்துமஸுக்கு. எங்களுடைய அதே பையர்தான், இந்த முறை ஆர்டரை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். அவர்களுடைய மேனேஜர், பையர் அனுப்பிய சாம்பிள் பீசை என் மேசைமேல் விரித்து வைத்தார். கழுத்துப் பட்டி உறுத்தாமல் இருக்க உள்ளே மெல்லிய நாடா வைத்துத் தைத்திருந்தது. போன வருடம் நானே யோசித்து, நானே உட்கார்ந்து தைத்து அனுப்பிய பீஸ் அது.

"பையர் இதே மாதிரிதான் வேணும்னு கண்டிசனாச் சொல்லீட்டாருங்க. இந்தக் கழுத்து கொஞ்சம் கஷ்டம். உங்களால முடியுங்களா?" என்று கேட்டார்.

முடியுமுங்க என்றேன்.