டாக்டரம்மா இருக்காங்க

பேய், பிசாசு, முன்ஜென்மம் என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். இப்போதும் அதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை நான். ஆனால் இது எனக்கே நடந்தது, நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் இவளுக்கு வேறு வேலை இல்லை என்று போய்விடுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் போடியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நான் ரிசப்ஷனிஸ்ட். பேர்தான் பெரிசு. வருகிறவர்களிடம் பேர், ஊர், எத்தனையாவது மாசம் என்று கேட்டு, “டாக்டரம்மா இருக்காங்க, உக்காருங்க” என்று சொல்வதுதான் சோலி. அந்த வார்த்தையை நான் ஒருத்தியிடம் சொல்லிவிட்டால், அவளைப் பார்க்காமல் டாக்டரம்மா வாசல் தாண்ட மாட்டார். அது அவரே போட்ட சட்டம்.

அன்று மதியம் மலையில் மழை. ஊருக்குள் தூறல், பெஞ்சு காலி. மேசையில் சாய்ந்தபடியே கண் அசந்துவிட்டேன். நான் போயே இராத குரங்கணி மலைப்பாதையில் ஜீப்பு இறங்குகிறது, ஏலக்காய் மூட்டைகளின் மேல் ஒரு பிள்ளைத்தாய்ச்சி, அவள் தலை என் மடியில், சுற்றிலும் வெள்ளையாக மேகம், சத்தமே இல்லை, அப்படி ஒரு சுகம். “அக்கா, நான் பொழைப்பேனா?” என்றாள். “டாக்டரம்மா இருக்காங்க” என்றேன்.

விழித்தால் டாக்டரம்மா கையில் பையோடு மதுரைக்குக் கிளம்பி நிற்கிறார், தங்கை மகள் கல்யாணம்.

“அம்மா, ஒரு ஆளுகிட்ட நீங்க இருக்கீங்கன்னு சொல்லிட்டேன்.”

“எங்கடி ஆளு?”

“வந்துக்கிட்டு இருக்கு.”

என் வாய்தான் சொன்னது. முறைத்தார். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். திட்டிக்கொண்டே உட்கார்ந்தார், சட்டம் அவருடையதாயிற்றே.

ஜீப்பு வந்தது. மூட்டை மேல் அதே பெண், ரத்தப்போக்கு, நினைவில்லை. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று பிற்பாடு டாக்டரம்மா சொன்னார். தாயும் பெண்பிள்ளையும் பிழைத்தார்கள். நான் அழுதே விட்டேன்.

வாசலுக்கு வந்தால் ஜீப்பு டிரைவர் என்னையே பார்த்தபடி நிற்கிறார். “எக்கா, நீங்க எப்படி எனக்கு முன்னாடி வந்தீங்க? வெரசாப் போயி டாக்டரம்மாட்ட சொல்றேன்னு வளைவுல எறங்குனீங்களே?”

நான் மேசையை விட்டு நகரவே இல்லை என்று எங்கள் ஆயாம்மா அடித்துச் சொன்னாள். டிரைவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மறுவாரம் திரும்ப வந்தார். உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றுகொண்டார். “அந்த வளைவுல போயிப் பாத்தேங்க்கா. நீங்க எறங்குன பக்கம் காலு வைக்க எடமே இல்ல. வெறும் பள்ளம்.”

அந்தக் குழந்தைக்குக் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் மலைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். பிள்ளையைப் பார்க்க ஆசைதான். இன்று வரை அந்த ரோட்டில் நான் ஏறவில்லை.