முந்நூறு எவர்சில்வர் தட்டுகள்

தேர்வாய் கண்டிகையில் நான் வேலை பார்க்கும் ஃபேக்டரியில் கேன்டீன் என் பொறுப்பு. மூன்று வருடங்களுக்கு முன் அங்கே பாத்திரம் கழுவ மெஷின் வந்தது. மெஷினுக்கு ஏற்ற குழித்தட்டுகளும் கூடவே வந்தன. பழைய எவர்சில்வர் தட்டுகள் முந்நூறும் ஸ்கிராப்புக்குப் போவதாக இருந்தது. ஒன்றில்கூட ஓட்டை உடைசல் கிடையாது. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. மேனேஜரிடம் பேசி, எங்கள் ஊருக்குக் கேட்டு வாங்கினேன்.

காரணம் எங்கள் ஏரிக்கரை. காதுகுத்தோ கருமாதியோ, எது நடந்தாலும் மறுநாள் அங்கே பேப்பர் தட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் குவிந்து கிடக்கும். காற்றடித்தால் பாதி வயலுக்குள் வந்துவிடும். பொதுவில் தட்டு இருந்தால், விசேஷம் வைப்பவர்கள் எடுத்துப்போய்க் கழுவித் திருப்பித் தந்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் ஒரு காலி அறையைக் கொடுத்தார்கள். ஆண்டு விழா அன்று பிள்ளைகளும் அந்தத் தட்டிலேயே சாப்பிடுவார்கள் என்று ஏற்பாடு. ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மிதப்பில் நானும் கொஞ்ச நாள் திரிந்தேன்.

அந்தத் தட்டுகளை என்னைவிட நன்றாக அறிந்தவர் ஒருவர் உண்டு. கேன்டீனில் ஒன்பது வருடம் அவற்றைக் கழுவியவர். எங்கள் ஊர்க் காலனிக்காரர். அவருடைய அம்மா எங்கள் நிலத்தில் நாற்று நட்டவர். ஃபேக்டரிக்குள் அவரை அக்கா என்பேன். ஊருக்குள் எதிரில் வந்தால் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தலையை மட்டும் ஆட்டுவேன். அவர் இரண்டு இடத்திலும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார்.

தட்டுகள் ஊருக்குப் போகின்றன என்றதும் அவருக்குச் சந்தோஷம். "பொண்ணு வளைகாப்புக்கு மொதல்ல நான் எடுத்துக்கறேன் சார், ஒரு நூறு போதும்," என்றார். ஊர்ப் பொதுச் சாமான் ஒன்று காலனி விசேஷத்துக்குப் போவது அதுதான் முதல் தடவை. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

என் பெரியப்பாவுக்கும் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "இன்னா நைனா, எல்லாத்தையும் ஒண்ணா வச்சிக்கினு கீற? அவங்களுக்குன்னு ஒரு நூறு தனியா வச்சிடு. இல்லாங்காட்டி நம்ம ஆளுங்க ஒருத்தரும் தொட மாட்டாங்க," என்றார். இதே பெரியப்பாவின் மகன் எங்கள் கேன்டீனில் இதே தட்டுகளில்தான் ஆறு வருடம் சாப்பிட்டான். அதைச் சொல்ல வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். ஆரம்பத்திலேயே வம்பு எதற்கு, நல்ல காரியம் படுத்துவிடுமே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

இரவல் போகும் பாத்திரம் மாறிவிடாமல் இருக்க, அடியில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மனைவியின் சிவப்பு பாட்டிலை எடுத்துப்போய் நூறு தட்டுகளுக்கு அடியில் பொட்டு வைத்தேன். வைக்கும்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த நூறையும் இரண்டு சாக்கில் கட்டி, வளைகாப்புக்கு முந்தின நாள் அவரிடம் கொடுத்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்குப் போனேன். பந்தலில் எல்லோரும் பேப்பர் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எவர்சில்வர் தட்டுகள் நூறும் கழுவித் துடைத்து, சுவரோரம் கவிழ்த்து அடுக்கியிருந்தன. மேல் தட்டில் பொட்டு பளிச்சென்று தெரிந்தது. கழுவும்போது அடியைத் திருப்பிப் பார்ப்பது அவருக்கு ஒன்பது வருடப் பழக்கம். பார்த்த கையோடு கும்மிடிப்பூண்டிக்கு ஆள் அனுப்பிப் பேப்பர் தட்டு வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்.

எனக்கும் ஒரு பேப்பர் தட்டு வந்தது. அவரே புளிசாதமும் தயிர்சாதமும் வைத்தார். "சாப்டு சார்," என்றார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சாப்பிட்டேன்.

தட்டுகள் திரும்பி வந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை தின்னரும் துணியுமாகப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து நூறு பொட்டையும் அழித்தேன். முந்நூறு தட்டையும் கலந்து அடுக்கினேன். திங்களன்று கேன்டீனில் அவரிடம் சொன்னேன்: "பொட்டெல்லாம் அழிச்சிட்டேன்க்கா. எண்ணிக்கைக்காக வச்சதுதான், வேற ஒண்ணும் இல்ல."

"எண்ணிக்கைக்கா," என்றார். ஒரு டிரேயை மெஷினுக்குள் தள்ளிவிட்டு, "மீதி எரநூறுலயும் பொட்டு இருந்துச்சா சார்?" என்று கேட்டார். மெஷின் சத்தத்தில் காதில் விழாததுபோல் நகர்ந்துவிட்டேன்.

இப்போது காலனியில் எந்த விசேஷம் என்றாலும் அந்தத் தட்டுகள்தான். பள்ளிக்கூடத்திலும் அவைதான். அந்தப் பக்கத்துக் குப்பை ஏரிக்கரையில் இல்லை. எங்கள் தெருக்காரர்கள் இன்றுவரை ஒரு தட்டு எடுத்ததில்லை. அவர்கள் குப்பை அப்படியே இருக்கிறது.

போன தை மாதம் என் மகளுக்குக் காது குத்தினோம். பள்ளிக்கூடத்துத் தட்டை எடுக்கலாமே என்று வீட்டில் ஒரு தடவை சொன்னேன். ஒரே தடவைதான். பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார், நான் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டேன். வாழை இலை போட்டோம். தட்டு கொண்டுவந்தவனே தட்டு எடுக்கவில்லையா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். இலை குப்பையில் சேராது, மாடு தின்றுவிடும், கழுவுகிற தண்ணீரும் மிச்சம் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். அந்தத் தட்டுகளை ஒன்பது வருடம் கழுவியவரும் வந்திருந்தார். கடைசிப் பந்தியில் சாப்பிட்டு, குழந்தை கையில் கவரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அவர் மட்டும் கேட்கவில்லை.