தோற்றால் மட்டும் கம்பனி

போன ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில், எங்கள் மிளகாய்த்தூள் கம்பனியின் மேல்மாடி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மனேஜிங் டைரக்டர் ஜெரோம். கணக்கு எழுதுகிற கிராண்ட்பாஸ் நவாஸ். வெள்ளவத்தை மகேசன் அண்ணை, அவர் பேருக்கு ஒரு டைரக்டர். பக்கெற் ஒட்டுகிற மட்டக்குளி பிலோமினாக்கா. பிறகு நான் — பேருக்கு இன்னொரு டைரக்டர்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எப்படி டைரக்டர் ஆனான் என்று கேட்பீர்கள். அதற்குப் படிப்பு எதற்கு? வெள்ளவத்தையில் வாடகை அறையில் இருக்கிற தமிழனாக இருந்தால் போதும். கொழும்பில் உனக்கு என்ன வேலை என்று பொலிஸ் பதிவில் கேட்பார்கள். செக்பொயின்ற்றில் கேட்பார்கள். பத்திரிகையில் பத்தி எழுதுகிறேன், அதுவும் தமிழில் என்று சொன்னால் ஜீப்பில் ஏறச் சொல்வார்கள்.

ஆகவே நம்மில் பலர் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். தெரிந்தவரின் கம்பனியில் பெயரைப் போட்டு ஓர் அட்டை வாங்கினேன். சம்பளம் கிடையாது. ஆமிக்காரன் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "ஹரி, யண்ட", சரி போ என்று விடுவானே... அதுதான் என் லாபம்.

பிலோமினாக்காவுக்கு இப்போது ஐம்பது முடிந்துவிட்டது. பெண்கள் அந்த வயதில் ஈ.பி.எப்., அதுதான் சேமலாப நிதிக் காசை எடுக்கலாம். வீட்டுக்காரன் புது அட்வான்ஸ் கேட்கிறான், தராவிட்டால் எழும்பு என்கிறான். இவ அந்தக் காசை நம்பி ஓம் என்று சொல்லிவிட்டா. போய் விசாரித்தால் — கடைசி மூன்று வருஷம் கம்பனி ஒரு சதம் கட்டவில்லை. சம்பளத்தில் மட்டும் மாதம் தவறாமல் வெட்டியிருக்கிறார்கள்!

எங்கே போனது? ஜெரோம் ஒளிக்கவேயில்லை. கசினோ. சரக்கு வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிப் போனாராம். அவர்கள் எழும்பிப் போன பிறகும் இவர் எழும்பவில்லையாம். அவ்வளவுதான் என்றார், குடையைத் தொலைத்தவர் மாதிரி.

பிறகு கணக்குப் புத்தகத்தை எங்கள் முன்னால் தள்ளினார். தோற்றதெல்லாம் 'வியாபார விளம்பரச் செலவு' என்று தானே எழுதியிருந்தார். லாபம் குறையும், வரி குறையும், மிச்சம் பிடித்து ஈ.பி.எப். கட்டலாம் என்று விளக்கம் வேறு. மூன்று டைரக்டர்மாரும் ஒப்பம் வைத்தால் சரியாம்.

நவாஸ் பேனையை மூடினார்.

"சேர், மேசையில தோத்தது யாவாரச் செலவில்ல. டக்ஸ்காரன் அதத் திரும்ப லாபத்தோட கூட்டுவான். இல்லாத சல்லிக்கு வரியும் வரும், தண்டமும் வரும். விளம்பரம்னு எழுதினா பொய்க் கணக்கு. ஒப்பம் வெச்ச ஆளெல்லாம் கோட்டுக்குப் போகணும்."

எடுத்த காசை, ஜெரோம் கம்பனிக்குப் பட்ட கடன் என்றுதான் எழுதலாம் என்றார் நவாஸ். ஈ.பி.எப். அதிலும் மோசம். சம்பளத்தில் வெட்டிய அன்றே அது பிலோமினாக்காவின் காசு. கட்டாததற்கு டைரக்டர்மார் எல்லாரும் பதில் சொல்லவேண்டும். எல்லாரும் என்றபோது என்னையும் பார்த்தார்.

"கம்பனிக்காகத்தானே விளையாடினனான்" என்றார் ஜெரோம்.

"அப்போ வென்ட சல்லில வாங்கின வேன் ஏன் ஒங்கட மிஸிஸ்ட பேர்ல ஈக்கிது?"

ஜெரோம் எங்கள் பக்கம் திரும்பினார்.

"கம்பனியை மூடினா உங்கட அட்டை வெறும் மட்டை, மச்சான். நாளைக்கு செக்பொயின்ற்றில எதைக் காட்டுவீங்கள்?"

ஆமிக்காரனுக்குப் பயப்படுகிறோம், சரி. அந்தப் பயத்தையே நம்மட ஆள் எடுத்து மேசையில் வைத்து விளையாடினால்? எனக்கு வந்த கோபத்துக்கு இந்தப் பத்திரிகையில் அச்சடிக்கக்கூடிய சொல் இல்லை.

மகேசன் அண்ணை ஒப்பம் வைத்தார். வீட்டில் வளர்ந்த பொடியன்கள் இரண்டு பேர்; ஆமி பிடித்தால் போய் மீட்க அவர் கையில் அட்டை வேண்டும். அவரை நான் எப்படித் திட்ட?

அடுப்புக் காஸ் மூடியிருக்கிறதா என்று படுத்த பிறகும் எழும்பி எழும்பிப் பார்க்கிற ஆள் நான். பேனையை எடுத்தேன். அதுவரை பிலோமினாக்காவை இருக்கச் சொல்லி ஒருவரும் கதிரை காட்டவில்லை. நின்றபடியே கேட்டா:

"நீங்களும் வெச்சா என்ட காசு விளம்பரமாப் போயிரும், என்ன தம்பி?"

பேனையை வைத்தேன். அட்டையையும் அதன் பக்கத்தில் வைத்தேன். இறங்கும்போது நவாஸ் மெதுவாகச் சொன்னார்: அட்டையைக் கொடுத்தால் பழைய மூன்று வருஷம் போகாது, நானும் பொறுப்புத்தானாம்.

செவ்வாய்க்கிழமை தொழில் கந்தோரில் பிலோமினாக்கா முறைப்பாடு கொடுத்தா. எதிராளிகள் மூன்று பேர். மூன்றாவது பெயர் என்னுடையது. எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று நானே பார்த்துக் கொடுத்தேன். இப்போது செக்பொயின்ற் கண்ணில் பட்டால் வேறு தெருவால் சுற்றிப் போகிறேன். காட்ட ஒன்றும் இல்லை.

வேன் இன்னும் கொட்டாஞ்சேனையில் ஓடுகிறது. பிலோமினாக்காவுக்கு இன்னும் வரவேண்டியது: முப்பத்தாறாயிரத்து எண்ணூறு ரூபாய்.