கச்சானில் தள்ளிய இரண்டு மூட்டைகள்

கல்முனைச் சந்தையில் பாரைமீனுக்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றபோது, “உதுமாலெவ்வை காக்கா மௌத்தாம்” என்று யாரோ சொன்னார்கள். மீனை அப்படியே போட்டுவிட்டு மரண வீட்டுக்கு ஓடினேன்.

மையத்து வீட்டில் ஊரார் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். “அருமையான பைலட். அண்டைக்கு மட்டும் மூட்டையத் தள்ளச் சொல்லி விமானத்த விழுத்திட்டார்” என்று ஒருவர் சொல்ல, தலையாட்டினீர்கள். அல்லாஹ் மன்னிக்கட்டும், நானும் ஆட்டினேன்.

சாய்ந்தமருதில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த நான் அவர் ஓட்டிய கம்பனியின் சின்ன விமானத்தில் சாமான் ஏற்றி இறக்குபவனாக இருந்தேன். அன்று மட்டக்களப்பிலிருந்து அம்பாறைக்கு விதைநெல் கொண்டுபோனோம். ஓடுபாதை கண்ணில் பட்ட நேரம் எஞ்சின் நின்றுவிட்டது. கச்சான் காற்று நேர் எதிரே வீசியது. காக்கா விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினார்.

“மூக்கத் தூக்குங்க காக்கா!”

“தூக்கினா காத்து நம்மள நிப்பாட்டிரும். சும்மா இரி தம்பி, எட்டிருவம்.”

நான் சும்மா இருக்கவில்லை. கடலில் தோணி தத்தளித்தால் நாங்கள் முதலில் பாரத்தைத்தான் கொட்டுவோம். கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. கதவைத் திறந்து இரண்டு மூட்டைகளைத் தள்ளினேன். விமானம் மேலே எழும்பியது போலிருந்தது. “அல்ஹம்துலில்லாஹ்!” என்று கத்தினேன்.

“என்னடா செஞ்ச?” என்றார் காக்கா. கீழே வயல்கள் நகர மறுத்தன. ஓடுபாதைக்குக் கொஞ்சம் முன்னால் வயல் வரம்பில் மோதினோம். எனக்கு நெற்றியில் கீறல். அவருக்குக் கால் முறிந்தது. அதன்பிறகு அவர் பறக்கவேயில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் ஏசவில்லை. “பாரத்தால சறுக்குற தூரம் குறையாது தம்பி. பாரம் கூடினா வேகமாச் சறுக்கலாம், எதிர்க்காத்த வெட்ட அந்த வேகந்தான் வேணும். திறந்த கதவும் இழுத்துப் புடிச்சிட்டு” என்றார்.

“விசாரணையில என்ன சொல்ற காக்கா?” என்று கேட்டேன்.

“நான்தான் தள்ளச் சொன்னன் எண்டு சொல்லுவன். உனக்குப் புள்ளகுட்டி இருக்கு, வாயப் பொத்திட்டு இரி.”

பொத்திக்கொண்டுதான் இருந்தேன். பாரத்தின் கணக்குத் தெரியாத பைலட் என்று தேநீர்க்கடையில் நீங்கள் சிரித்தபோதும் பொத்திக்கொண்டிருந்தேன். ஊன்றுகோலோடு வரும் காக்கா என்னைக் காணும்போதெல்லாம், “பிள்ளைகள் சுகமா?” என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து தெரு மாறிப் போயிருக்கிறேன். இப்போதும் கச்சான் வீசினால், பின்னால் ஊன்றுகோல் தட்டுவது கேட்கிறது.

அவர் உடலை வைத்த சந்தூக்கைத் தோளில் வாங்கியபோது பாரமே இல்லை. அத்தனை மெலிந்திருந்தார். அவர் எனக்கு விட்டுப்போனது என் வேலையும் என் நல்ல பெயரும். வேலை இருக்கட்டும். பெயரை இன்று திருப்பிக் கொடுக்கிறேன்: மூட்டைகளைத் தள்ளச் சொன்னவர் யாருமில்லை. தள்ளியவன் நான்.