எஸ்தர் அக்கா கையெழுத்துப் போட மறுத்த நாள்

செய்தி ஒரு படமாகத்தான் வந்தது. காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அதைப் போட்டார்கள். கறுப்புக் கரை கட்டிய படம், நடுவில் எஸ்தர் அக்காவின் முகம், கீழே வேலூர் பாகாயத்தில் அடக்க ஆராதனை நடக்கும் நேரம். முந்தைய நாள் மாலை மாரடைப்பு வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வாசல்வரைகூடத் தாங்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வர ஆரம்பித்தன. அவற்றுக்கு நடுவே சேகரின் குரல் செய்தி ஒன்று வந்தது. எஸ்தர் அக்காவைப் போலவே சேகருக்கும் பார்வை கிடையாது. வேலூரில் அவரோடு கணினிப் பயிற்சி எடுத்தவர். "இன்னா படம்பா அது? என் போனு படம்னு மட்டும்தான் சொல்லுது. யாருன்னா சொல்லுங்களேன்."

குழுவில் கம்பெனி ஆட்களும் வெளியாட்களுமாக எண்பது பேருக்கு மேல் இருக்கிறோம். ஒருவரும் பதில் சொல்லவில்லை. நான்தான் எழுதினேன், எஸ்தர் அக்கா போய்விட்டார் என்று. சிறிது நேரம் கழித்து சேகர் மறுபடி கேட்டார். "படத்துல அக்கா எப்படி இருக்காங்க மேகலா?" அதற்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. இந்தக் கட்டுரை முடிவதற்குள் எழுதிவிட வேண்டும். அதற்கு முன்னால் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எஸ்தர் அக்கா அதே கம்பெனியில் மூன்றாவது லைனில் ஷூவின் மேல்பாகம் தைத்தவர். இருபத்தாறு வயதில் விழித்திரை நோய் வந்து, இரண்டே வருடத்தில் பார்வை முழுக்கப் போய்விட்டது. அதன்பின் டெலிபோன் போர்டில் உட்கார வைத்தார்கள். நான் சேர்ந்தபோது அவர் அங்கே வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. கம்பெனிக்கு யார் போன் செய்தாலும் முதலில் கேட்பது அவர் குரலைத்தான்.

ஒருநாள் மதியம் சாப்பாட்டுக்குப் பின் சுவரைத் தடவியபடி என் மேசைக்கு வந்தார். கையில் போன். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் செயலி அதில் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னா மேகலா, நம்ம சைட்டைத் தொறந்தா என் போனு மந்திரம் ஓதுது. லெதர் ஷூ, பெஸ்ட் லெதர் ஷூ, ஆம்பூர் லெதர் ஷூ. நாப்பது தடவை. நாப்பது ஷூவும் ஒண்ணுதானா?"

விஷயம் இதுதான். வலைத்தளத்தில் ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி எழுதி வைக்கலாம். ஆல்ட் டெக்ஸ்ட் என்பார்கள். பார்வையில்லாதவர்களுக்கு அந்த வரிதான் படம். தேடுபொறிக்கும் படத்தைப் புரிந்துகொள்ள அது உதவுகிறது. தேடலில் முதலில் வர வேண்டும் என்றால் அங்கே விற்பனைச் சொற்களை அடைத்து வையுங்கள் என்று சென்னையிலிருந்து வந்த ஒரு ஆலோசகர் சொல்லியிருந்தார். நானும் ஊறுகாய் ஜாடியை அமுக்குவதுபோல அமுக்கி வைத்திருந்தேன். அப்படியும் தேடலில் எங்கள் பக்கம் எங்கேயோ கிடந்தது.

எஸ்தர் அக்கா விடவில்லை. "நாள் பூரா போன் எடுக்கறேன். ஒருத்தராச்சும் பெஸ்ட் லெதர் ஷூ இருக்கான்னு கேட்டதில்ல. கணுக்கால் வரிக்கும் வர்ற, லேஸ் இல்லாத கறுப்பு ஷூ இருக்கான்னு கேப்பாங்க. வீங்கின காலுக்கு அகலப் பட்டை வெச்சது இருக்கான்னு கேப்பாங்க. கேக்கறவங்க எப்படிக் கேக்கறாங்களோ அப்படி எழுது." எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் பத்துப் படங்களுக்கு மட்டும் அவர் சொன்னபடி மாற்றி எழுதினேன். சில மாதங்களில் அந்தப் பத்து ஷூக்களும் தேடலில் மேலே வந்தன. ஆலோசகரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சோதனை பிறகுதான் வந்தது. எங்கள் பெரிய வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரு நிபந்தனை போட்டார். பார்வையில்லாதவர்களும் பயன்படுத்தும்படி வலைத்தளம் இருக்க வேண்டும், பார்வையில்லாத ஒருவர் அதைச் சோதித்துக் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும், அதன்பின் வீடியோ அழைப்பில் அவர்களே பரிசோதிப்பார்கள். தேறாவிட்டால் ஆர்டர் கிடையாது. ஆர்டர் போனால் மூன்றாவது லைன் நிற்கும். எஸ்தர் அக்கா முன்பு உட்கார்ந்து தைத்த அதே லைன். அவரோடு வேலைக்குச் சேர்ந்த பெண்கள் பலர் இன்னும் அங்கேதான் தைக்கிறார்கள்.

இரண்டு வாரம் உட்கார்ந்து எல்லா ஷூக்களுக்கும் புதிதாக வரிகள் எழுதினேன். எக்ஸெல் தாளில் ஷூவுக்கு ஒரு வரி, மாதிரி ஷூக்களை அடுக்கி வைத்திருக்கும் மாதிரி அறையின் வரிசைப்படி. படங்களும் அதே வரிசையில் இருந்ததால் மொத்தத்தையும் ஒரே மூச்சில் ஏற்றினேன். கடைசிப் படத்துக்கு மட்டும் வரி இல்லாமல் நின்றது. எங்கோ ஒன்றை விட்டுவிட்டேன் போல என்று நினைத்து அதற்குக் கையால் ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். அப்போதே நின்று ஏன் குறைகிறது என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

வீடியோ பரிசோதனை நாள் வந்தது. அழைப்பு மாலை நான்கு மணிக்கு. காலை ஒன்பதுக்கு எஸ்தர் அக்காவை மாதிரி அறையில் உட்கார வைத்து, ஷூக்களை வரிசையாக முன்னால் வைத்தேன். அவர் போனில் ஷூ எண்ணின்படி பக்கத்தைத் திறந்து வரியைக் கேட்பார், ஷூவைக் கையால் தடவுவார், அடுத்ததை எடுப்பார். நான் கம்பெனி போட்டோ ஸ்டூடியோவுக்கும் என் மேசைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தேன். பத்தரைக்கு மேனேஜர் தணிகாசலம் சார் படிவத்தோடு வந்தார். எஸ்தர் அக்கா ஒரு ஷூவைத் தூக்கிக் காட்டினார்.

"சார், இதுக்கு ஜிப் இருக்குன்னு சொல்லுது. இதுல லேஸ்தான் இருக்கு. இதுக்கு முன்னாடி நாலு ஷூவும் இதே கதை. வேற எதையோ சொல்லுது."

"வரிசையைக் கலைச்சிட்டிருப்பீங்கம்மா. தொட்டுத் தொட்டு வெச்சதுல மாறியிருக்கும்" என்றார் சார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மேகலா, நீ செக் பண்ணிட்டியா?"

கடைசிப் படம் வரி இல்லாமல் நின்றது அந்த நொடியில் என் கண் முன்னால் வந்தது. "பண்ணிட்டேன் சார்" என்றேன்.

"அப்புறம் இன்னாம்மா? கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டேன் சார்."

"யாரு இவ்ளோ நுணுக்கமா பாக்கப் போறாங்க?"

"பாக்கறவங்க பாக்க மாட்டாங்க சார். என்ன மாதிரி கேக்கறவ கேப்பா. ஜிப்புன்னு நம்பி வாங்கி, லேஸு கட்ட முடியாம உக்காந்திருப்பா."

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. மேலே முதலாளி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் போன் செய்துகொண்டிருந்தார். "உங்களால ஒரு லைனே நிக்கப் போகுது. முடியலைன்னா சொல்லிடுங்க, போர்டுக்கு வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்றார்.

"பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு எஸ்தர் அக்கா எழுந்தார். அந்த ஷூவை மேசை மேல் வைத்துவிட்டு, சுவரைத் தடவியபடி டெலிபோன் போர்டுக்குப் போனார். தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாயைத் திறக்கவில்லை.

அரைமணி நேரம் தாளையும் படங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டுவிட்டு போர்டுக்குப் போய் நின்றேன். "எதுலேர்ந்துக்கா தப்பா வருது?" என்று கேட்டேன்.

"பக்கிள் வெச்ச பிரவுனு வரிக்கும் சரியா சொல்லுது. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணும் பக்கத்து ஷூவைச் சொல்லுது." கொஞ்சம் யோசித்தார். "அந்த பிரவுனு ஜோடியா வந்துச்சா?"

எங்கள் மாதிரி அறையில் ஒற்றைக் கால்தான் செய்து வைப்போம், வலது கால் மட்டும். அந்த ஒரு ஷூவை மட்டும் போட்டு நடந்து பார்க்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டதால் ஜோடியாகச் செய்திருந்தார்கள். ஸ்டூடியோவில் இரண்டு காலையும் தனித்தனியாகப் படம் எடுத்துவிட்டார்கள். ஒரு ஷூவுக்கு இரண்டு படம், தாளில் ஒரே வரி. அங்கிருந்து ஒவ்வொரு ஷூவுக்கும் அடுத்த ஷூவின் வரி போய் உட்கார்ந்திருக்கிறது. தையல் லைனில் இருந்தவருக்கு அது உடனே விளங்கியது. எனக்கு விளங்கவில்லை.

தாளில் ஒரு வரி நுழைத்தேன், எல்லாம் ஒரு படி இறங்கின. ஆனால் என் சொல்லை நம்ப அவர் தயாராக இல்லை. மறுபடி முதலிலிருந்து, ஒவ்வொரு ஷூவாக. மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. மூன்று நாற்பதுக்குக் கடைசி ஷூவைக் கீழே வைத்தார். கைப்பையிலிருந்து ஒரு தோல் துண்டை எடுத்தார். நடுவில் ஜன்னல்போல நீளமாக வெட்டிய துண்டு. கையெழுத்து கோட்டை விட்டு ஓடாமல் இருக்க, ஷூவின் உட்புறம் ஒட்டும் லைனிங் தோலில் அவரே வெட்டிக்கொண்டது. அதைப் படிவத்தின் மேல் வைத்து, ஜன்னலுக்குள் பெயரை எழுதினார்.

சாரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். "சின்ன டெக்னிக்கல் பிராப்ளம் சார், சரி பண்ணிட்டேன்." எஸ்தர் அக்கா பக்கத்திலேயே இருந்தார். தோல் துண்டைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான்கு மணிக்குத் திரையில் ஒரு பெண் வந்தார். நாங்கள் முன்பே கூரியரில் அனுப்பியிருந்த இன்னொரு செட் மாதிரிகள் அவர் முன்னால் பெட்டியில் இருந்தன. அவர் கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் முகத்தை வைத்திருந்தார். பெட்டிக்குள் கைவிட்டு ஒரு ஷூவை எடுத்துத் தடவினார். அவருடைய இயந்திரம் என் வரியை வாசித்தது. அவருக்கும் பார்வை இல்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. தணிகாசலம் சார் கைக்குட்டையை எடுத்தார். ஒவ்வொரு ஷூவாக வந்து, பிரவுன் பக்கிளையும் தாண்டி, லேஸ் வைத்த ஷூ அவர் கைக்குப் போனது. அவர் விரல்கள் லேஸின் மேல் நின்றுவிட்டன. இயந்திரம் வாசித்தது, கறுப்பு, கணுக்கால் உயரம், ஐந்து துளை லேஸ். அவர் துளைகளை விரலால் எண்ணிப் பார்த்தார். பிறகு ஷூவைக் கீழே வைத்து, "சோதித்தவர் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "நான்தான் மேடம், எஸ்தர்" என்றார் அக்கா. அந்தப் பெண் சிரித்தார். ஆர்டர் வந்தது, லைன் நிற்கவில்லை.

அடுத்த வாரம் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா இனிப்பு வாங்கிக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தேன். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கேட்டார். "சார் கிட்ட சொன்னியா, தப்பு உன்னுதுன்னு?"

"இல்லக்கா. சொல்றேன்."

"அவரு இன்னும் நான்தான் ஷூவைக் கலைச்சேன்னு நெனச்சிக்கினு இருக்காரு. பேடா நல்லா இருக்குது. ஆனா இது அதுக்குப் பதில் இல்ல."

அதற்குப் பிறகு அவர் ஒருமுறைகூட அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். நானும் சொல்லாமலே காலத்தை ஓட்டிவிட்டேன்.

தணிகாசலம் சார், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அன்று எஸ்தர் அக்கா எதையும் கலைக்கவில்லை. தப்பு என் தாளில் இருந்தது. நீங்கள் கேட்டபோதே எனக்குச் சந்தேகம் இருந்தது. பார்த்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். அவர் வேலை போயிருக்கக்கூடிய நேரத்தில் பேசாமல் நின்றேன். இதை அவர் காதுபடச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வெட்கம் என்னை விட்டுப் போகாது.

அடக்கம் முடிந்தபின் அவர் தம்பி அந்தத் தோல் துண்டை என்னிடம் கொடுத்தார். "அக்கா பையில இருந்துச்சு, ஆபீஸ் சாமானா?" என்று கேட்டார். எனக்குத்தான் வேண்டும் என்று வாங்கி வந்தேன். என் மேசையில் இருக்கிறது. இப்போதெல்லாம் ஒரு வரி எழுதினால் பொருளைக் கையில் எடுத்து, கண்ணை மூடித் தொட்டுப் பார்த்த பிறகே ஏற்றுகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் துண்டும் இந்தப் பழக்கமும்தான்.

சேகர், நீங்கள் கேட்ட படம் எங்கள் வலைத்தளத்திலிருந்து எடுத்தது. போன வருடம் ஊழியர்கள் பக்கத்துக்காக நான் எடுத்தேன். அதற்கு, சிரித்த முகத்துடன் டெலிபோன் ஆபரேட்டர் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அக்கா கேட்டுவிட்டுத் திட்டினார். "என் மூஞ்சிய நான் பாத்து எத்தினி வருசம் ஆச்சு! இருக்கறத எழுது. நரை வந்துடுச்சா?" வந்துவிட்டது என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. "கொஞ்சம்கா" என்றேன். "கம்மியோ ஜாஸ்தியோ, இருந்தா எழுது" என்றார். அன்று மாற்றி எழுதிய வரியைத்தான் உங்களுக்கு அனுப்புகிறேன்.

படத்தில் எஸ்தர், நாற்பது வயது, டெலிபோன் போர்டின் முன் உட்கார்ந்திருக்கிறார். நீலப் புடவை. காதில் ஹெட்போன். வலது கை ஒரு கறுப்பு ஷூவின் மேல் இருக்கிறது. கேமரா எங்கே என்று தெரியாமல் கொஞ்சம் இடது பக்கம் பார்த்துச் சிரிக்கிறார். நெற்றிக்கு மேலே நரை இருக்கிறது, கொஞ்சம் அதிகமாகவே.